மெட்டாரைசியம் போட்டும் காண்டாமிருக வண்டு குறையவில்லையே, மருந்து போலியா?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கரில் 3 வயதுத் தென்னங்கன்றுகள் நிற்கின்றன. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது. மெட்டாரைசியம் தூள் 1 கிலோ வாங்கி, பாதியைத் தண்ணீரில் கரைத்துக் குருத்தில் அடித்தேன். மீதியை எருக்குழி மேலே தூவினேன். குழி 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம். ஒரு மாதமாகியும் புது மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டுத்தான் விரிகிறது. மருந்து போலியா?

பதில்: இன்று வெட்டுப்பட்டு விரியும் மட்டை, குருத்தாகச் சுருண்டிருந்தபோதே கடிபட்டது. அதை வைத்து மருந்தை எடை போடாதீர்கள். வண்டு இப்போது உள்ளே இருக்கிறதா என்பதைக் குருத்தடி ஓட்டையில் பாருங்கள். மென்று தள்ளிய நார் ஈரமாகப் பிதுங்கி நின்றால் அதுதான் புதுத் தாக்குதல்.

குருத்தில் அடித்த அரைக் கிலோ வீண். மெட்டாரைசியம் ஒரு பூஞ்சணம், அதன் வித்துகள் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். வண்டும் ஓட்டைக்குள் பதுங்கியிருக்கும். இந்தப் பூஞ்சணத்துக்கு ஏற்ற இடம் இருட்டும் ஈரமும் உள்ள மட்கிய எரு. வண்டின் புழு மூன்று நான்கு மாதம் அங்கேதான் கிடக்கிறது. வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போகும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் புழு செத்து விறைக்கும். முதலில் மேலே வெள்ளை பூக்கும், பிறகு கரும்பச்சைத் தூளாகும். அந்தத் தூள் முழுவதும் புது வித்துதான்.

அடுத்தது அளவு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு கன மீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்து என்பது ஆராய்ச்சி நிலையப் பரிந்துரை. கடைத் தூளின் பொட்டலத்தில் பெரும்பாலும் கிராமுக்கு 10 கோடி என்றிருக்கும். வகுத்துப் பாருங்கள், கன மீட்டருக்கு 5 கிலோ வருகிறது. உங்கள் குழி ஏறக்குறைய 7 கன மீட்டர். 35 கிலோ வேண்டிய இடத்தில் அரைக் கிலோ போட்டிருக்கிறீர்கள், அதுவும் மேலாக. புழுவோ அடியில் இருக்கிறது.

35 கிலோ வாங்கச் சொல்ல மாட்டோம். தோப்பின் நிழலில் மீட்டருக்கு மீட்டர், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு பொறிக்குவியல், அதாவது வண்டை முட்டையிட இழுக்கும் எருக்குவியல் போடுங்கள். நன்றாக மட்கிய எருதான் வேண்டும். பச்சைச் சாணம் சூடேறிப் பூஞ்சணத்தைக் கொன்றுவிடும், கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. அரையடிக்கு ஒரு அடுக்காகத் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மொத்தம் 5 கிலோவைக் கலந்துவிடுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மேலே தென்னங்கீற்றுப் போட்டு மூடி, அந்த ஈரத்தைக் காயாமல் காத்து வாருங்கள். முட்டையிட வரும் வண்டு வித்தைச் சுமந்து போய் மற்ற குப்பைகளிலும் சேர்க்கும்.

பெரிய குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அந்த இடைவெளியில் புதிதாக இட்ட முட்டை வண்டாகி வெளியேற முடியாது. தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் ஊர்ந்து போகும் புழு வேறு சாதி, பூவண்டுப் புழு. அது எருவை மட்கச் செய்வது, விட்டுவிடுங்கள். மட்கிப்போன தென்னை அடிக்கட்டைகளையும் தோண்டி அகற்றுங்கள். அவையும் வண்டுக்குப் பிரசவ அறைதான்.

போலியா என்ற சந்தேகத்துக்கு வீட்டிலேயே சோதனை செய்யலாம். பத்துப் புழுவை மருந்துக் கரைசலில் முக்கி, ஈர எரு நிரப்பிய வாளியில் விடுங்கள். முக்காத பத்தை வேறு வாளியில் விடுங்கள். மூன்று வாரத்தில் முதல் வாளியில் பச்சை பூக்காவிட்டால் தூள் செத்தது. காலாவதித் தேதி கடந்திருக்கலாம், கடையில் வெயிலில் கிடந்திருக்கலாம்.

பறக்கும் வண்டுக்கு வேறொரு நுண்ணுயிர் உண்டு. 1963ல் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த ஒரிக்டஸ் வைரஸ் அது. 1967ல் பசிபிக் தீவு நாடான மேற்குச் சமோவாவில் விட்டார்கள். நோய் கண்ட வண்டு தீனி குறைக்கும், முட்டை குறைக்கும், எச்சத்தாலும் இணைசேர்வதாலும் மற்றவற்றுக்குப் பரப்பும். எக்டேருக்கு 10 முதல் 15 நோயேற்றிய வண்டுகளை அந்தி நேரத்தில் விடுவது வழக்கம். வண்டு ஊர் முழுக்கப் பறப்பது, அதனால் அக்கம்பக்கத் தோப்புகளும் சேர்ந்து விட்டால்தான் பலன்.

எதுவானாலும் பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும். அதுவரை கன்றைக் காக்க வேண்டும். கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுத்து ஓட்டையை அடையுங்கள், திறந்து கிடந்தால் சிவப்புக் கூன்வண்டு நுழையும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து நடுக்குருத்தைச் சுற்றிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். வளர்ந்த மரத்துக்கு 150 கிராம், கன்றுக்கு இடுக்கு கொள்ளும் அளவு. இல்லையென்றால் கன்றுக்கு மூன்று பாச்சை உருண்டையை இடுக்கில் வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை அடிக்கும் நாளில் மிச்சத்தைப் பொறிக்குவியலில் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள செம்பு நல்ல பூஞ்சணத்தையும் சேர்த்தே கொல்லும்.