சி வகை மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி எங்கே?

கேள்வி: ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்க, சி வைரஸுக்கு ஏன் இல்லை? 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்த என் அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனையில் இன்னும் ‘பாசிட்டிவ்’ என்றே வருகிறதே?

பதில்: சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் சி வைரஸின் நொதிக்கு (அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு) பிழை திருத்தத் தெரியாததால், ஒரே நோயாளியின் உடலிலேயே சிறுசிறு மாற்றங்களுடன் பலவகை வைரஸ்கள் பெருகுகின்றன. உலகில் 8 மரபணு வகைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மூன்றாம் வகையே மிகுதி. இத்தனை முகங்களுக்கும் பொருந்தும் தடுப்பூசி எளிதன்று. இந்நோய்க்குத் தரப்படும் சோஃபோஸ்புவிர் மாத்திரையோ அந்த நொதியையே முடக்குகிறது. உங்கள் அண்ணனுக்கு எடுத்தது, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருளைக் கண்டறியும் பரிசோதனை என்றால் தயவுசெய்து கலங்காதீர்கள். வைரஸ் ஒழிந்த பின்னும் அது பாசிட்டிவ் என்றே காட்டும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து, அதில் வைரஸ் தென்படாவிட்டால் அவர் குணமடைந்துவிட்டார் என்றே பொருள்.