விளம்பரத்துக்குள் கலை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இசைக் காணொளிகளைப் பற்றியும் திரைப்படங்களைப் பற்றியும் நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் தலவாக்கலையில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், கடைப் பெயர்ப்பலகை ஆகியவைதாம் என் அன்றாட வேலைகள். நான் படித்த இடத்தில் ஓர் ஆசிரியர், "இசைக் காணொளி என்பது பாட்டை விற்கச் செய்யும் விளம்பரம். அதில் கலையைத் தேடாதே, நல்ல ஓவியத்தைப் பார்" என்று சொன்னார். எனக்கோ அந்தக் காணொளிகளில்தான் மனம் போகிறது. இது தவறான ரசனையா? பக்கத்தில் ஓர் ஓவியக்கூடம்கூட இல்லாத ஊரில் கண்ணை எப்படிப் பழக்குவது?

ஒரு வாசகி, தலவாக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ரசனையில் தவறு எதுவும் இல்லை. இசைக் காணொளி பாட்டை விற்பதற்காகவே பிறந்தது என்று உங்கள் ஆசிரியர் சொன்னது உண்மை. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பதற்காகப் பிறந்த ஒன்று கலையாக முடியாது என்று மலையகத்தில் இருக்கும் நாம் ஒப்புக்கொள்ளவே முடியாது. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிற ஒரு படம் நம் தேயிலையை விற்பதற்காகத்தான் எடுக்கப்பட்டது.

1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற அந்தப் படத்தை, இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக பசில் ரைட் இயக்கினார். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளே அதன் வர்ணனை. அவற்றை வாசித்தவர் கொழும்பின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட். படத்தின் மூன்றாம் பகுதிக்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். அங்கே திரையில் இலங்கை மக்கள் உழைத்துக்கொண்டிருக்க, அந்தக் காட்சிகளின் மேல் சந்தை விலைகளையும் வணிகக் கடிதங்களையும் சொல்லும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. வேலை செய்யும் உடலைக் கண்ணும் விலையைக் காதும் ஒரே நேரத்தில் பெறுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கைப் படம் பார்ப்பவரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒலியமைப்பைச் செய்த வால்டர் லீயையும் ரைட்டையும் இசைக் காணொளியின் முன்னோர் என்றே நான் நினைக்கிறேன். நல்ல இசைக் காணொளியிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். பாட்டில் மழை என்று வந்தவுடன் மழையைக் காட்டுவது எனக்குப் போதாது. ஒலி சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும்.

அந்தப் பகுதியை வீட்டுக் கணினியில் ஓடவிட்டபோது, முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல பேசுறது யாரு?" என்று கேட்டார். "லண்டன்காரங்கம்மா" என்றேன். "நம்ம ஆளுங்க ஒன்னும் பேசலையா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு நேராக அதன் குறையைத் தொடவில்லை. 87 ஆண்டுகள் கழித்து, 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குப் போன தன் பாட்டியின் வாழ்விலிருந்து பாடகர் அறிவு எழுதிய பாட்டு அது. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியில் அந்தப் பாட்டியும் தோன்றுகிறார். அதுவும் விற்பனைக்கு வந்த பாட்டுத்தான்.

இனி கண்ணைப் பழக்குவது பற்றி. நூறு காணொளிகளைப் பார்ப்பதைவிட ஒன்றை நூறு தடவை பாருங்கள். நான் அப்படிப் பார்த்தது, கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டுக்கு மிஷெல் கோண்ட்ரி 2002இல் செய்த காணொளி. அதில் நடிகர் இல்லை, கதை இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு ரயில் ஜன்னல் மட்டுமே. பிரான்சில் நீம் நகருக்கும் வலன்ஸ் நகருக்கும் இடையில் எடுத்த காட்சிகள் அவை. முதல் தடவை பார்க்கும்போது யாரோ பயணத்தில் சும்மா எடுத்தது என்றே தோன்றும். கொஞ்ச நேரத்தில், ஒரு குறிப்பிட்ட தாள அடி விழும்போதெல்லாம் அதே மாதிரியான கட்டடமோ கம்பமோ ஜன்னலைக் கடப்பது கண்ணில் படும். அதன் பிறகு காதால் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். கோண்ட்ரி முதலில் கட்டம்போட்ட தாளில் பாட்டின் ஒவ்வோர் ஒலிக்கும் இடம் குறித்தார்; பிறகு தோடம்பழம், முள்கரண்டி, புத்தகம், சப்பாத்து என்று கைக்குக் கிடைத்தவற்றை ஒலிகளுக்குப் பதிலாக அடுக்கிப் பார்த்தார். கணினிக்கு முன்னால் அமர்வதற்கு முன்பே வடிவமைப்பு முடிந்துவிட்டது.

உங்கள் வாசலிலேயே அந்த ஜன்னல் இருக்கிறது. தலவாக்கலையில் கோச்சி ஏறி, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதெல்ல கடந்து நானுஓயா வரை போங்கள். கையில் கட்டம்போட்ட கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் ஒன்று வரும்போது கவனியுங்கள்: கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல் என்று ஒரே இடைவெளியில் ஓடும். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி ஜன்னல்கள் அதைவிட வேகமாக, இன்னும் சிறிய அடிகளாக ஓடும். இவை எல்லாம் அளந்து கட்டியவை. அதனால் தாளம் பிசகாது. நடுவில், மலைச்சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் வருவார்கள். இரண்டு பேர் நெருக்கமாக, ஒருவர் தள்ளி, பிறகு வெறும் பச்சை, பிறகு நான்கு பேர். அளந்த தாளத்துக்குள் அடங்காத அந்த இடைவெளிகள்தாம் கண்ணை நிறுத்திவைக்கும். நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெட்டு என்று போட்டுப் போட்டுப் படத்தைச் சாகடித்திருக்கிறேன். மூன்று அடிக்குப் பொறுத்திருந்து, நான்காவதற்கு ஒரு நொடியின் சிறு பங்கு முந்தி வெட்டினால் அதே மணப்பெண் உயிரோடு திரும்பிப் பார்ப்பார் என்பதை ரயிலில்தான் கற்றேன்.

உங்கள் திருவிழா நோட்டீசுக்கும் இது பொருந்தும். உபயகாரர் பெயர்கள் அறுபதையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அடுக்கினால் அது லயம். எந்தக் கதவு யார் வீடு என்று தெரியாது. தேர் நாளுக்கு மட்டும் மேலும் கீழும் இரண்டு வரி வெறுமையாக விட்டுப் பாருங்கள். "இடம் வீணாகிறதே" என்று வாடிக்கையாளர் சொல்வார். அச்சான பிரதியை எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓவியக்கூடம் இல்லை என்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்குப் போய்வாருங்கள். ஒளிப்படக் கலையின் பெரும் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, அந்தத் தேவாலய வளவில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இலங்கையில் இருந்த நான்கு ஆண்டுகளில் அவர் தோட்டத் தொழிலாளரையும் படம் எடுத்தார். அந்தப் படங்களை இணையத்தில் தேடி எடுத்துக்கொண்டு போய், கல்லறைக்குப் பக்கத்தில் அமர்ந்து அந்த முகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் எழுதப்படாத முகங்கள் அவை.

ரயிலில் குறித்த தாளை எனக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்து எழுத வேண்டாம். கோச்சி குலுங்கியதில் பென்சில் கோணியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா