நகர வாடகை தாங்கவில்லை; குடும்பத்தோடு சிற்றூருக்குக் குடிபோகலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான். கணவருக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை. சம்பளத்தில் பெரும்பங்கு நகரத்து வாடகைக்கே போய்விடுகிறது. பள்ளிக்குப் போகும் குழந்தை ஒன்று, கூடவே வயதான அம்மா. தொலைவில் ஒரு சிற்றூருக்கு வெளியே, இப்போது கொடுப்பதில் கால்வாசி வாடகைக்குத் தோட்டத்தோடு பெரிய வீடு கிடைக்கிறது. போய்விடலாமா?

போகலாம். நாங்கள் போனோம், இன்றும் சிற்றூரில்தான் இருக்கிறோம், திரும்பிப் போகும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, நகரத்து மோகம் விடாத ஒருத்தி பயமுறுத்துகிறாள் என்று யாராவது கருத்து எழுதுவார்கள். எனக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது: அங்கே போனபின் உங்கள் வீட்டில் வண்டி ஓட்டப்போவது யார்? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணவர் பகல் முழுக்கக் கணினி முன்னால் அலுவலகக் கூட்டங்களில் இருப்பார். ஆகவே அது நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சிற்றூரில் வீடு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் வாடகை ஏன் குறைகிறது என்பதை யோகான் ஹைன்ரிச் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையாளர் 1826-லேயே எழுதினார். விளைச்சலை அவ்வளவு தூரம் ஏற்றிச்செல்லும் செலவுதான் காரணம் என்றார். 1964-ல் வில்லியம் அலோன்சோ என்ற ஆய்வாளர் அதே சிந்தனையை நகரத்து மனைகளுக்குப் பொருத்திக் காட்டினார். வாடகையில் குறைவதில் ஒரு பங்கைப் பயணத்தில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பலரும் சொல்லும் அளவு. அது போதாது, வீடும் போக்குவரத்தும் சேர்ந்தே 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் சென்டர் ஃபார் நெய்பர்ஹூட் டெக்னாலஜி என்ற அமைப்பு ஒரு அளவு வைத்திருக்கிறது. நீங்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வண்டி, எரிபொருள், காப்பீடு, டயர், பழுது எல்லாவற்றையும் சேருங்கள். அதையெல்லாம் கழித்த பிறகும் எங்களுக்கு நன்றாகவே மிச்சம் வந்தது, உங்களுக்கும் வரலாம். ஆனால் வண்டி ஓட்டுகிறவரின் நேரம் இந்தக் கணக்கிலும் ஏறாது.

என் கதைக்கு வருகிறேன். முதல் வீடு என் கணவர் பார்த்தது. ஊருக்கு வெளியே, சுற்றிலும் திறந்த வெளி. மாடியில் அவருக்குத் தனி அறை, கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் கேட்காது. வாங்கிவிடலாம் என்றார். வாடகைக்கு என்றால் வருகிறேன், மோசமான பருவம் ஒன்று கழியட்டும், அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னேன். அதில் நான் கடைசிவரை இறங்கி வரவில்லை. அன்று காட்டிய பிடிவாதத்துக்காக இன்றும் பெருமைப்படுகிறேன்.

அவருடைய நாள் அங்கே அழகாக மாறியது. வேலை முடிந்தால் மாடியிலிருந்து இறங்கி மகளோடு தோட்டத்தில் நிற்பார். முகமே தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என்னுடைய நாளோ சாலையிலேயே கழிந்தது. காலையில் மகளைப் பள்ளியில் விட வேண்டும். வந்ததும் மாமியாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். மருந்துக்கடை, வங்கி, மறுபடியும் பள்ளி, மாலையில் பாட்டு வகுப்பு. ஒரு பல்பு ஃப்யூஸ் போனால்கூட வண்டியை எடுக்க வேண்டும். நான் சிறு வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். அந்த வேலையைப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு செய்தேன். வருட முடிவில் இரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாமியார் நகரத்தில் இருந்தபோது தனியாகப் படியிறங்கி நூலகத்துக்கு நடந்து போவார். தோழிகளைப் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்துக்கு வருவார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னை எதிர்பார்க்காமல் அவரால் எங்கும் போக முடியவில்லை. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நீ எப்போ கிளம்புறியோ சொல்லும்மா, நானும் கூட வரேன்" என்பார். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் தன் மருமகளின் நேரத்துக்காகக் காத்திருப்பதைக் கேட்க எனக்குத் தொண்டை அடைத்தது. குறைந்த வாடகையின் பலன் சம்பாதிக்கிறவர் கணக்கில் சேர்கிறது. கூடிய தூரம் வண்டி ஓட்டுகிறவர் மேலும் ஓட்டத் தெரியாதவர் மேலும் விழுகிறது. உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கலாம், என் கணவரும் நல்லவர்தான். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

அப்புறம் ஒரு காலை மாமியாரின் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஊர் மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கே சிடி ஸ்கேன் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசியைப் போட முடியாது. கசிவாக இருந்தால் ஊசியே உயிருக்கு ஆபத்து. தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து நேரத்தை எண்ணுவார்கள். நல்லவேளை, அவர் எழுந்து பல் தேய்த்துவிட்டு மகளுக்குப் பின்னல் போட்டதை நான் பார்த்திருந்தேன், நேரம் சொல்ல முடிந்தது. ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கெடு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம், ஊசியும் போட்டார்கள். ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது, பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று மட்டும் இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுக்கும் இடம் எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அந்த வழியில் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும். அந்தப் பெரிய மருத்துவமனையின் நிபுணர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் கணவரிடமே பேசினார். அம்மா சாப்பிட்டாரா, அம்மாவுக்கு வலி இருக்கிறதா, எல்லாம் மகனிடம்தான். மாமியார் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. கேட்பது பெரும்பாலும் புரிந்தும் பேச்சு மட்டும் போய்விட்ட ஒரு நோயாளியை வைத்து, பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோக்கா மூளையின் இடது முன்பகுதியைச் சுட்டிக்காட்டியது 1861-ல். அவ்வளவு பழைய விஷயம் இது. "டாக்டர், அவங்களுக்கு எல்லாம் புரியுது, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி என் கணவரைப் பார்த்தே பேசினார். பேச முடியாதவரிடம் ஆம், இல்லை என்று தலையசைக்கிற மாதிரி கேள்வி கேட்கலாம், பதிலுக்குக் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருக்கலாம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இதைப் படிக்கும் மருத்துவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் பிசியோதெரபி. பேச்சுப் பயிற்சி தருபவர் எங்கள் ஊரில் இல்லை, வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்தார். பிசியோதெரபிக்கு ஊருக்குள் போக வேண்டும், ஓட்டுவது நான். அப்போது ஒரு காகிதத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெயரை வரிசையாக எழுதினேன். யார் எங்கே போக வேண்டும், கூட்டிப்போவது யார், எவ்வளவு நேரம். சில வாரம் விடாமல் குறித்தேன். கூட்டிப்போவது யார் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் என் பெயரே இருந்தது. சண்டை எதுவும் போடவில்லை, அதைக் கணவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். நகரத்துக்கே போயிடலாமா என்று அவராகவே கேட்டார். வேண்டாம், ஊருக்கு நடுவில் ஒரு வீடு பாருங்கள் என்றேன்.

இப்போது இருப்பது கடைத்தெருவை ஒட்டிய சின்ன வீடு. தோட்டம் இல்லை, சத்தம் உண்டு. முதல் வீட்டைவிட வாடகை அதிகம், இருந்தாலும் நகரத்தில் கொடுத்ததற்கு அருகில்கூட வராது. மகள் நடந்தே பள்ளிக்குப் போகிறாள். மாமியார் கைத்தடியோடு பிசியோதெரபிக்குத் தானே போய்வருகிறார், வழியில் நூலகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்கிறார். கணவருக்குத் தனி அறை போயிற்று, படுக்கையறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டிருக்கிறார். பெரிய மருத்துவமனைக்குப் போகும் நாட்களுக்கு அவரே விடுப்பு எடுத்து ஓட்டுகிறார். நான் கணக்கு வேலையை மறுபடி மேசையில் உட்கார்ந்து செய்கிறேன். பெரிய மருத்துவமனை முன்பு இருந்த அதே தூரத்தில்தான் இருக்கிறது, அதற்கு எந்த வீடு மாறினாலும் வழியில்லை. அதைத் தெரிந்தே இருக்கிறோம்.

ஊருக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழவில்லையா என்று கேட்பீர்கள். வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டில் அண்ணன் இருப்பார், எதிர் வீட்டில் அத்தை இருப்பார். ஒருவர் வண்டி எடுத்தால் நாலு பேர் வேலை முடியும். அந்தத் தூரத்தை அவர்கள் பல பேராகப் பங்குபோட்டுச் சுமக்கிறார்கள். புதிதாகப் போகிற நமக்கு வீடு மட்டும்தான் கிடைக்கிறது, அந்த உறவுகள் கிடைக்க வருடக்கணக்கில் ஆகும். இது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகாது.

வெளிநாடுகளில் பணம் கொடுத்தே குடியேற்றுகிறார்களே என்று இன்னொருவர் வருவார். உண்மைதான். டோக்கியோவை விட்டு வெளியூர்களுக்குப் போகும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 2019 முதல் ஜப்பான் பத்து லட்சம் யென் வரை தருகிறது, 2023-ல் குழந்தை ஒன்றுக்கு மேலும் பத்து லட்சம் யென் வரை என்று உயர்த்தியது. இத்தாலியின் சிசிலித் தீவில் சம்புகா என்ற ஊர் 2019-ல் ஒரு யூரோவில் தொடங்கும் ஏலத்தில் வீடுகளை விற்றது. மூன்று ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 5,000 யூரோ பிணைத்தொகையும் கட்ட வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் மட்டும் சுமார் 90 லட்சம். ஒரு ஊர் காசு கொடுத்துக் கூப்பிடுகிறது என்றால் அங்கிருந்தவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வேலைக்கும் படிப்புக்குமாகப் போயிருப்பார்கள். அதே காரணம் உங்கள் குழந்தை வளரும்போது உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும். வாங்கிய வீட்டை அப்போது விற்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. எடுத்ததும் வாங்காதீர்கள், வாடகைக்கு இருந்து பாருங்கள். ஊருக்கு வெளியே என்றால் கழிவுநீருக்கு செப்டிக் டேங்க்தான் இருக்கும், கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. கிணற்று நீர் என்றால் பரிசோதித்துப் பார்த்த பிறகு குடியுங்கள். இணையம் கேபிள் வழியாக வருகிறதா என்று பாருங்கள். செயற்கைக்கோள் என்றால் எது என்று கேளுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகையில், கேட்டதற்குப் பதில் வரவே அரை விநாடி ஆகும். வீடியோ கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பீர்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தொல்லை குறைவு. கணவரின் நிறுவனம் இடம் மாறினால் சம்பளத்தைக் குறைக்குமா, திடீரென்று அலுவலகத்துக்கு வா என்று சொல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதை அடுத்து வரும் மேலாளர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். அந்த வாசலிலிருந்து யாரையும் கேட்காமல் எங்கெல்லாம் போய்வர முடியும் என்று அவரையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் மூன்றும் எவ்வளவு தூரம் என்று கீழே எழுதினால் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.