பிளக்குடன் பில்லையும் கேட்டு வாங்குங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

என்ஜினில் எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைத் தம் காரில் தாமே மாற்ற முனைந்தவர்களிடமிருந்தும், மாற்றித் தருவதாகச் சொன்னவர்களிடம் ஏமாந்தவர்களிடமிருந்தும் அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்ததால், அவற்றைச் சுருக்கி இம்முறை ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் ஆல்ட்டோ 800 இருக்கிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. பிளக் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே வீட்டில் மாற்றலாமா? (பாலக்கோடு)

பதில்: தாராளமாக மாற்றலாம். உங்கள் வண்டிக்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். ஏற்றத்தில் பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுவதால், பிளக் முனையின் இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினமாகிறது. முனை தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்ட பிளக், சமதளத்தில் சமாளித்துவிட்டு ஏற்றத்தில் கைவிட்டுவிடும். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் பழுதானாலும் இதே போலத்தான் வெட்டும் என்பதால், பிளக்கை மாற்றியும் தீராவிட்டால் அடுத்து அதைப் பாருங்கள்.

பிளக்கை வாங்கும் முன் கருவியைச் சரியாக வாங்குங்கள். பிளக்கின் அறுகோணப் பகுதி 14, 16, 21 மி.மீ. எனப் பல அளவுகளில் வருகிறது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளக் ஸ்பேனரையே கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் விலை குறைவு என்று ரப்பர் இல்லாத ஒன்றை நான் வாங்கினேன். அது சற்றே சாய்ந்ததில் புதிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத அந்தக் கீறல் வழியாக மின்சாரம் கசிந்து, பழைய பிளக்கைவிட மோசமாக வண்டி வெட்டியது. ஸ்பேனரில் மிச்சப்படுத்திய பணத்தைவிட அதிகமாகப் பிளக்கில் இழந்தேன்.

வேலையைக் காலையில், இரவெல்லாம் நின்று ஆறிய என்ஜினில் செய்யுங்கள். பிளக் மாட்டியிருக்கும் என்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டிலிருந்து, அது சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்து வரக்கூடும். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றும் முன், பிளக் அமர்ந்திருக்கும் குழியில் உள்ள தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள்; இல்லையென்றால் அந்த மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கை முதலில் ராட்செட் கைப்பிடி இல்லாமல், ஸ்பேனரை விரலால் பிடித்தே சுற்றுங்கள். நான்கைந்து சுற்று தடையில்லாமல் இறங்கினால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். வாஷர் உள்ள புதிய பிளக், கையால் இறுகி நின்ற பிறகு சுமார் அரைச் சுற்று இறுக்கினால் போதும். கழற்றியதையே மீண்டும் மாட்டினால் அரைச் சுற்று கூடாது, பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால், 14 மி.மீ. மரையுள்ள வாஷர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேட்டையே நம்புங்கள்.

கேள்வி: எங்கள் டீசல் காருக்கு எந்த நிறுவனத்தின் ஸ்பார்க் பிளக் நல்லது? (ஓசூர்)

பதில்: டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக் வேறு பொருள், டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக் என்று யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது 2006ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. நான்கு சிலிண்டர் வண்டிக்கு எட்டு பிளக் மாற்றியதாகப் பில் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா? (கிருஷ்ணகிரி)

பதில்: உங்களிடம் உள்ளது ஐ-டிஎஸ்ஐ என்ஜின் என்றால் ஏமாற்றவில்லை. அந்த என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக்குகள் உண்டு. ஒர்க்ஷாப்காரரைச் சந்தேகித்துப் பேசியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு நான்கு பிளக் வாங்கினேன். இரண்டே வாரத்தில் ஒன்று வேலை செய்யவில்லை. போலியாக இருக்குமோ? (அரூர்)

பதில்: இருக்கலாம். நானும் பாதி விலைக்கு வாங்கியவன்தான். உறை அச்சு அசலாக இருந்தது; ஆனால் பிளக்கின் பீங்கானில் அச்சிட்டிருந்த எழுத்தை நகத்தால் சுரண்டியதும் துகளாக உதிர்ந்தது. வாஷரும் விரல் பட்டதும் கழன்று வந்தது. நல்ல பிளக்கில் அது மரையோடு சேர்ந்து நிற்கும்படி நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். பக்க முனை, நடு முனைக்கு நேர் மேலே இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகாருக்கான தொடர்பும் இருக்க வேண்டும்.

நான்கையும் படம் எடுத்து, விற்ற இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: மரை இறுகட்டும் என்று ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கினேன். ஹெட்டில் மரை அழிந்துவிட்டது. பிளக் விற்ற கடைக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா? (ஊத்தங்கரை)

பதில்: கேட்க முடியாது. உறையில் இறுக்கும் அளவு அச்சிட்டிருக்கிறது; அதைப் படிக்காமல் குழாய் மாட்டியது கடைக்காரர் அல்லர். முழு ஹெட்டையும் மாற்றச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல், புதிய மரை வளையம் பொருத்தித் தரும் நல்ல லேத் பட்டறையை முதலில் தேடுங்கள்.

கேள்வி: பழைய பிளக்கில் 6 என்று இருந்தது. கடைக்காரர் வேறு நிறுவனத்தின் பிளக்கில் 6 எண்ணைக் கொடுத்து, இரண்டும் ஒன்றே என்றார். வீட்டில் வந்து பார்த்தால் பொருந்தாது என்கிறார்கள். திரும்பக் கொடுத்தால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பலகையைக் காட்டுகிறார். பில்லும் தரவில்லை. (காவேரிப்பட்டினம்)

பதில்: முதலில் எண்ணைப் பார்ப்போம். அது பிளக் எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியேற்றும் என்பதைக் குறிக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூட அது குளிர்ந்த பிளக், அதாவது வெப்பத்தை வேகமாக வெளியேற்றுவது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக்கூட அது சூடான பிளக், அதாவது வெப்பத்தை மெதுவாக வெளியேற்றுவது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 6, மற்றொன்றின் 6 ஆகாது. தேவைக்கு மேல் சூடான பிளக் என்ஜினைத் தட்ட வைக்கும். தேவைக்கு மேல் குளிர்ந்தது கரி பிடித்துப் பொறியைக் கெடுக்கும்.

இனி பலகைக்கு வருகிறேன். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் நுழையும் கடை தவறாமல் இந்தப் பலகை தொங்குவதைப் பார்க்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும், அதைச் சட்டம் என்று நம்பித் தலைகுனிந்து திரும்பும் வாடிக்கையாளரை நினைத்து மனம் வேகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே நடைமுறைதான். எந்தப் பலகையும் இந்தச் சட்டத்துக்கு மேலானதன்று. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த 30 நாள், குறையுள்ள பொருளுக்கு உரியது, நாமே தவறாகத் தேர்ந்தெடுத்த நல்ல பொருளுக்கு உரியதன்று. உங்கள் விஷயத்தில் பொருந்தும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர் என்பதால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை மெய்ப்பிக்கத்தான் ஒரு தாள் தேவைப்படுகிறது. வண்டியின் மாடலையும் பிளக்கின் முழு எண்ணையும் எழுதிய பில் கையில் இருந்தால், பேச்சு கடை வாசலிலேயே முடிந்துவிடும். ஜிபே, போன்பேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். மறுபடி சென்று, பொருந்தாதது என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் 1915 எண்ணில் பதியுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சொந்தக் கார். நான்கு இரிடியம் பிளக் மாற்றியதாகப் பில் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். பிறகு வேறொருவர் கழற்றிப் பார்த்தபோது, கரி பிடித்த பழைய பிளக்குகளே இருந்தன. வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் புகார் செல்லாது என்கிறார்கள். (பென்னாகரம்)

பதில்: அப்படிச் சொன்னவர்களை நம்பாதீர்கள், தம்பி. வணிக நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. நீங்களே ஓட்டிப் பிழைக்கும் வண்டி அந்த விளக்கத்துக்குள் வரும். பில், கழற்றிய நான்கு பிளக்குகள், அவற்றின் படம், கழற்றிப் பார்த்தவரிடம் எழுதி வாங்கிய கடிதம் ஆகியவற்றை ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். ஒர்க்ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதால், ஒர்க்ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் அலைய வேண்டியதில்லை. மனு எழுத வராவிட்டால் எனக்கு எழுதுங்கள்; வரிவரியாகச் சொல்கிறேன்.

கேள்வி: இரிடியம் பிளக்கைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மீண்டும் போடலாமா? (காரிமங்கலம்)

பதில்: கூடாது. நடு முனை அரை மி.மீ. அளவே தடிமன், தேய்த்தால் முனை போய்விடும்.