ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகிவிட்டதா?

கோப்புகள் அழியவில்லை, இடம் மாறி இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடப்பக்கம் நீல மேகப் படத்தோடு ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) இருக்கும். அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருக்கும். நீங்கள் தேடும் கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

பேக்கப் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது தனியாக ஒரு நகல் எடுத்து வைப்பதில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையே ஒன்டிரைவுக்குள் மாற்றிவிடுகிறது. நிறுத்தியதும் விண்டோஸ் பழைய காலி டெஸ்க்டாப்பைக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லியிருந்தாலும் பலர் கண்ணில் அது படுவதில்லை. விண்டோஸ் 11 நிறுவும்போது பலருக்குத் தெரியாமலே இது இயங்கத் தொடங்கிவிடுகிறது. சொந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவரைத் தேட வைப்பது பெரிய தவறு.

சரி, இனி மீட்பது. கோப்பின் பக்கத்தில் பச்சை டிக் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. வெறும் மேகம் மட்டும் தெரிந்தால் இணையத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் வலது கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, டிக் வரும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் காப்பி செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்யுங்கள்.

நகல்களைத் திறந்து பார்க்கும்வரை ஒன்டிரைவ் ஃபோல்டரில் எதையும் அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் இணையத்திலும் போய்விடும். ஏற்கெனவே அழித்திருந்தால், ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்குக்கு வழக்கமாக 30 நாள் வைத்திருப்பார்கள்.