மனிதநேய மன்றத்தில் ஆள் குறைகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் மதச்சார்பற்ற மனிதநேய மன்றம் ஒன்றை நடத்துகிறோம். மாதம் ஒரு கூட்டம், ஒரு சொற்பொழிவு, அதன்பின் கேள்வி நேரம். தொடக்கத்தில் முப்பது பேர் வந்தார்கள். இப்போது எட்டுப் பேர்; எப்போதும் அதே எட்டுப் பேர். பெண்கள் ஓரிருவர்தான். யாரும் வீட்டாரை அழைத்து வருவதில்லை. எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் பேச்சு 'கடவுள் உண்டா' என்பதில்தான் போய் முடிகிறது. அண்மையில் உறுப்பினர் ஒருவரின் தாயார் இறந்தபோது, சடங்கில்லாமல் இறுதி நிகழ்வை நடத்தித் தர முடியுமா என்று கேட்டார். எப்படிச் செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மன்றத்தை முறைப்படி பதிவு செய்தால் நிலைமை மாறுமா?

பதில்: பதிவு விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தின் உயிரான வரி அதற்கு முந்தையது. தாயை இழந்த நாளில் ஒருவர் உங்கள் மன்றத்தைத் தேடி வந்திருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது சொற்பொழிவு அல்ல. உங்களிடம் இருந்ததோ சொற்பொழிவு மட்டும்தான். ஆள் குறைவதற்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

பேச்சு இன்று எங்கும் கிடைக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் உலகின் தலைசிறந்த அறிவியலாளர்களும் தத்துவப் பேராசிரியர்களும் வரிசைகட்டி நிற்கிறார்கள். அதற்காக விடுமுறை மாலையை விட்டுக்கொடுத்து ஒருவர் உங்கள் அரங்குக்கு வர வேண்டியதில்லை. அவர் வருவது ஆட்களுக்காக. தன் ஐயங்களை மறைக்காமல் பேசக்கூடிய ஆட்கள், உடம்பு முடியாமல் படுத்தால் எட்டிப் பார்க்கும் ஆட்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கில் 1876இல் ஃபீலிக்ஸ் அட்லர் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். யூத மதகுருவின் மகன் அவர். நம்பிக்கையில் வேறுபட்டவர்களும் நற்செயலில் ஒன்றுசேரலாம் என்பதே அவருடைய அடிப்படை. ஞாயிறு உரைகள் அங்கும் உண்டு. ஆனால் மறு ஆண்டே ஏழை நோயாளிகளின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் வேலையில் சங்கம் இறங்கியது. 1878இல் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்காக இலவச மழலையர் பள்ளியைத் திறந்தது. நெதர்லாந்தில் 1945இல் தோன்றிய ஹியூமானிடாஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் தனிமையில் வாடுவோருக்குத் துணையாக இன்றும் வீடு தேடிப் போகிறார்கள். இப்படிச் செயலில் வேர்விட்டவை நீண்ட காலம் நின்றிருக்கின்றன. இன்னொரு பக்கமும் உண்டு. லண்டனில் 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் 'சண்டே அசெம்ப்ளி' என்ற கூடுகையைத் தொடங்கினார்கள். பாட்டு, உரை, கலகலப்பு எல்லாம் இருந்தன. கடவுள் மட்டும் இல்லை. பல நாடுகளில் கிளைகள் மளமளவென்று முளைத்தன. சில ஆண்டுகளில் அவற்றில் பல மூடப்பட்டன. நல்ல முயற்சிதான். ஆனால் மாதாமாதம் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரிக்கும் சுமை எப்போதும் நான்கைந்து பேரின் தலையில்தான் விழும். அவர்கள் களைத்துப்போனால் கிளையும் களைத்துவிடும் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் வேலையாக, அந்த உறுப்பினர் கேட்டதைச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். இறுதி நிகழ்வை நடத்துவது மந்திர வித்தை அல்ல. பல நாடுகளின் மனிதநேய அமைப்புகள் இதற்கென்றே நடத்துநர்களுக்குப் பயிற்சி தருகின்றன. அந்தப் பயிற்சி கிடைக்காவிட்டாலும், நிதானமான குரலும் கேட்கும் பொறுமையும் உள்ள இரண்டு மூன்று பேர் உங்களிடம் இருந்தால் போதும்.

நடத்துபவர் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும், எழுதிய தாள் எதுவும் கையில் இல்லாமல். ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கே பிறந்தார், என்ன படித்தார் என்பதைக் குடும்பத்தார் தாமாகவே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. எதற்குக் கோபப்படுவார்? அடிக்கடி சொல்லும் வார்த்தை எது? யாருடைய பெயர் விடுபட்டால் வீட்டில் வருத்தம் வரும்? குடும்பத்தில் பேச்சு வார்த்தை அறுந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைத் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். எழுதி முடித்ததும் வீட்டார் ஒருவரிடம் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். பெயரைத் தவறாகச் சொல்வதைப் போன்ற காயம் அந்த நாளில் வேறில்லை.

நிகழ்வு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வந்தவர்களுக்கு வரவேற்பு, இது சமயச் சடங்கில்லாத நிகழ்வு என்று ஒரே வரி, பிறகு வாழ்க்கைக் குறிப்பு. அடுத்து இரண்டு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். எழுதி வைத்துப் படித்தால் அழுகை வந்தாலும் தடம் மாறாது. நாத்தழுதழுத்து நின்றுவிட்டால் தாளை வாங்கித் தொடர நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். இறந்தவருக்குப் பிடித்த இசை ஒன்று. அதன்பின் ஒரு நிமிட அமைதி. விரும்புகிறவர்கள் மனத்துக்குள் பிரார்த்தனை செய்துகொள்ளலாம் என்று வாய்விட்டே சொல்லுங்கள். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் நம்பிக்கையுள்ளவர்களாக இருப்பார்கள். அவர்களும் துக்கத்தில்தான் இருக்கிறார்கள். மறுமை இல்லை என்று நிரூபிக்க இது மேடை அல்ல. அந்த ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால் அவரை நடத்துநராகப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: அந்தத் தாயார் எப்படிப்பட்டவர்? அவர் வாழ்நாள் முழுவதும் வழிபட்டவராக இருந்தால், பிள்ளை பகுத்தறிவாளர் என்பதற்காக அவருடைய நம்பிக்கையை அழித்துவிட்டு வழியனுப்புவது மனிதநேயம் ஆகாது. இறந்தவரின் விருப்பம் முதலில். பிள்ளையின் கொள்கை அதற்குப் பின்னால். இந்த இடத்தில் பல தோழர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நிகழ்வோடு வேலை முடிவதில்லை. முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது யார் போவது என்று அன்றைக்கே பெயர் குறித்துக்கொள்ளுங்கள். திருமணம், குழந்தைக்குப் பெயர் சூட்டல் ஆகியவற்றுக்கும் இதே அடிப்படைதான். ஆனால் திருமணத்தில் சட்டம் குறுக்கே வரும். ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேய நடத்துநர் செய்துவைக்கும் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு உண்டு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உங்கள் நாட்டில் பதிவுத் திருமணம் தனியாகத் தேவையா என்று விசாரித்துவிட்டே தேதி கொடுங்கள்.

இனி அந்தக் கடவுள் வாதம். ஏற்கெனவே ஒத்துப்போன விஷயத்தையே எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் நிரூபித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குள் உண்மையாகவே கருத்து மாறுபடும் கேள்விகளை எடுங்கள். தீராத நோயாளி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டுமா? கருணைக்கொலையைச் சட்டம் அனுமதிக்கலாமா? முதிய பெற்றோரைப் பராமரிக்க ஒருவர் தம் வேலையை விட வேண்டுமா? விலங்குகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? இந்தக் கேள்விகளில் எட்டுப் பேரிடமும் எட்டுப் பதில்கள் இருக்கும். கூட்டத்தின் வடிவத்தையும் மாற்றுங்கள். மேடையை எடுத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஒரு பக்கக் குறிப்பை எல்லோருக்கும் கொடுத்து, முதல் இருபது நிமிடம் மூவர் மூவராகப் பேச விடுங்கள். பிறகு பொது உரையாடல். எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. இந்த ஒரு விதியை நெறியாளர் கறாராகப் பிடித்தாலே போதும், இதுவரை வாயே திறக்காதவர்கள் பேசத் தொடங்குவார்கள். இருபது நிமிடக் கேள்வியை நீட்டி முழக்கும் மூத்தவர் ஒருவர் எல்லா மன்றத்திலும் உண்டு. உங்கள் மன்றத்திலும் இருப்பார். அவரையே ஒரு மாதம் நெறியாளர் ஆக்கிப் பாருங்கள்.

தொடக்கப் பாடமாக ஆம்ஸ்டர்டாம் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளலாம். உலக மனிதநேய அமைப்பு 1952இல் உருவானபோது வெளிவந்து, 2002இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்ட சிறிய ஆவணம் அது. மனிதநேயர்கள் அறத்தோடு நடக்க முயல்கிறவர்கள், பகுத்தறிவைக் கைக்கொள்ள முயல்கிறவர்கள், நிறைவான வாழ்வை நாடுகிறவர்கள் என்று பேசுகிறது. அந்த மூன்றாவது அம்சத்துக்கு உங்கள் மன்றத்தில் இடம் எங்கே என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெண்களும் குடும்பமும் ஏன் வருவதில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது. கூட்டம் எந்த நேரத்தில் முடிகிறது? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? அரங்கைப் பெருக்குவதும் நாற்காலி அடுக்குவதும் யார் தலையில் விழுகிறது? பெண்களை அழைத்து வந்து வேலையை மட்டும் கொடுத்தால் மறுமுறை வர மாட்டார்கள். நெறியாளர் இடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுங்கள். தொல்லை, அத்துமீறல் பற்றிய புகார்களைக் கேட்டுக்கொள்ள இருவரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள். 'நம் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்ற பேச்சை நான் எத்தனையோ மன்றங்களில் கேட்டிருக்கிறேன். பகுத்தறிவு நல்லொழுக்கச் சான்றிதழ் அல்ல.

உறுப்பினர்களின் வாழ்க்கைத் துணைவர்களில் பலர் நம்பிக்கையுள்ளவர்கள். அவர்கள் வந்து உட்காரும் நாளில் பக்தர்களைப் பற்றிய கேலி ஒன்று பறந்தால், அந்தக் குடும்பத்தை அன்றோடு இழந்துவிட்டீர்கள். கொள்கையை விமர்சிக்கலாம், ஆளை எள்ளக் கூடாது. பிள்ளைகளுக்கு, அதே நேரத்தில் பக்கத்து அறையில் எளிய அறிவியல் சோதனை, கதை, விளையாட்டு என்று ஏதாவது வையுங்கள். 'கடவுள் இல்லை' என்று அவர்களை ஒப்பிக்க வைக்காதீர்கள்; ஒப்பிக்க வைப்பதைத்தானே எதிர்க்கிறோம்? நார்வேயில் 1951 முதல் பதின்ம வயதினருக்கு மதச்சார்பற்ற உறுதியேற்பு விழா நடக்கிறது. விழாவுக்கு முன் அறம், மனித உரிமை, ஆராய்ந்து சிந்தித்தல் பற்றிய வகுப்புகள் உண்டு. முடிவை ஊட்டாமல் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் ஏற்பாடு அது.

புகைப்பட விஷயத்தில் கவனமாக இருங்கள். தாம் நம்பிக்கையற்றவர் என்பதை வீட்டிலோ அலுவலகத்திலோ சொல்லாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். ஒரு குழுப்படம் வெளியானால் அவர்களுடைய வேலையோ குடும்ப உறவோ சிக்கலில் மாட்டலாம்; சில நாடுகளில் உயிருக்கே ஆபத்து. கேட்காமல் படம் எடுப்பதில்லை, உறுப்பினர் பட்டியலை வெளியே கொடுப்பதில்லை என்று முதல் நாளே அறிவியுங்கள்.

ஆண்டு நாட்காட்டிக்கு நான்கைந்து நாட்கள் போதும். பிப்ரவரி 12 டார்வின் பிறந்தநாள், ஜூன் 21 உலக மனிதநேய நாள். அன்று உரையரங்கம் வேண்டாம். வெளியே எங்காவது சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். சேவையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விடாமல் செய்யுங்கள்: இரத்த தானம், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதித் தருவது, எதுவானாலும் சரி. சமய அமைப்பு ஒன்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அவர்களோடு சேர்ந்தே செய்யலாம். உதவி பெறுகிறவரிடம் துண்டறிக்கை நீட்ட வேண்டாம்.

புதிதாக ஒருவர் வந்தால் வாசலில் வரவேற்க ஆள் வேண்டும். ஒரு வாரத்துக்குள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு போக வேண்டும். இரண்டாம் முறை வந்ததுமே சிறு பொறுப்பு ஒன்றைத் தந்துவிடுங்கள். தம்மை நம்பி ஒரு வேலை காத்திருக்கிறது என்றால் ஆள் வருவார். வராமல் போன இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள். ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யாமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது பதிவு. மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, நன்கொடைக்கு ரசீது, இடத்தை ஒப்பந்தம் போட்டு எடுக்கும் உரிமை இவையெல்லாம் பதிவால் கிடைக்கலாம், ஆள் கிடைக்காது. ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, அறிக்கை என்று வேலைதான் கூடும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். எட்டுப் பேர் இருக்கும்போது ஒரு கணக்குப் புத்தகம், பணம் எடுக்க இருவர் கையெழுத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை வாய்விட்டு வாசிப்பது, இவை போதும். வெளியிலிருந்து பணம் வரத் தொடங்கும்போதோ, சொந்த இடம் எடுக்கும்போதோ பதிவு செய்துகொள்ளலாம். அப்போது எழுதும் விதிமுறைகளில், தலைவரோ செயலாளரோ தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.