வன்மையும் வல்லமையும் ஒரே சொல்லில்: பழைய ஸ்காட்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'மெய்ஸ்ட்ரி' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பில் 'ஆதிக்கம்' என்றும் இன்னொன்றில் 'திறமை' என்றும் பொருள் தந்திருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களில் வளர்ந்த மொழி. ஆங்கிலம் அதற்கு உடன்பிறப்பு, மலைநாட்டு கேலிக் முற்றிலும் வேறு. 1700 வரையிலான அதன் வடிவத்தைப் 'பழைய ஸ்காட்ஸ்' என்கிறார்கள். ஜான் பார்பர் 1375 வாக்கில் இயற்றிய 'புரூஸ்' காவியம்தான் அதில் கிடைக்கும் முதல் பெரிய நூல்.

மெய்ஸ்ட்ரி பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'மகிஸ்டர்'. தலைவனும் அவனே, ஆசானும் அவனே. அதனால் அதிகாரமும் வித்தையும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. தமிழருக்கு இது விளங்காத விஷயமல்ல: 'வல்' என்ற வேரிலிருந்துதான் வன்முறையும் வருகிறது, வல்லுநரும் வருகிறார். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொற்களே சொல்லும். பகைவன், களம், நாடு என்று வந்தால் மேலாதிக்கம் அல்லது வெற்றி. கருவி, பாட்டு, கைவேலை என்று வந்தால் திறமை.

ஆனால் இதிலிருந்து கிளைத்த 'மெய்ஸ்டர்ஃபுல்' என்ற பெயரடை சட்டத்தில் வன்முறைப் பக்கமே சாய்ந்துவிட்டது. 1449ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 'மெய்ஸ்டர்ஃபுல்' பிச்சைக்காரர்களைப் பிடிக்கச் சொல்கிறது. இதைத் 'திறமைசாலிப் பிச்சைக்காரர்கள்' என்று பெயர்த்தால் அபத்தம். குதிரையும் வேட்டை நாயுமாக வந்து இறங்கி, மிரட்டிச் சோறும் இடமும் வாங்குகிறவர்களைத்தான் சட்டம் சொல்கிறது. இவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் 'சோர்னர்' என்பவரும் அப்படி வலிந்து விருந்தாளியாகிறவரே.

கேள்வி: 'ஸ்லிஹ்ட்' என்பது தந்திரம், ஏமாற்று என்று படித்தேன். பார்பர் தம் நாயகர்களை அந்தச் சொல்லால் எப்படிப் புகழ்கிறார்?

பதில்: முதலில் உச்சரிப்பு. இங்கே 'ஹ்' என்று எழுதியிருப்பது உரசி வரும் ஒலி. 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தைச் சற்று அழுத்திச் சொன்னால் அருகில் வரும்.

சொல் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் பெயரடை 'ஸ்லீ'. பழைய ஸ்காட்ஸில் 'ஸ்லீ' என்றால் கைதேர்ந்தவன் என்பது இயல்பான பொருள், கள்ளன் என்ற சாயல் எல்லா இடத்திலும் இல்லை. இன்றைய ஆங்கிலச் சாயலை அங்கே கொண்டுபோய் ஏற்றுவதுதான் தவறு.

பார்பரிடம் பலமும் ஸ்லிஹ்ட்டும் எதிரெதிரே நிற்கும் இரு வழிகள். காவியத்தின் நாயகர், ஆங்கிலேயரோடு போரிட்ட ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸிடம், அவர்கள் பிடித்திருந்த கோட்டைகளை நொறுக்கும் முற்றுகைப் பொறிகள் போதிய அளவு இல்லை. ஆகவே பலத்தால் முடியாததை ஸ்லிஹ்ட்டால் முடிக்க வேண்டியிருந்தது. லின்லித்கோ கோட்டைக்கு வைக்கோல் கொண்டுபோகும் பன்னக் என்ற குடியானவர் வண்டிக்குள் எட்டுப் பேரை ஒளித்துவைத்தார். வண்டி சரியாக வாயிலின் நடுவே வந்ததும், இழுக்கும் கயிறு வெட்டப்பட்டது. வண்டி அங்கேயே நின்றுவிட்டதால் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவைக் கீழே விட முடியவில்லை. 1314 பிப்ரவரியில் புரூஸின் தளபதி ஜேம்ஸ் டக்ளஸின் ஆட்கள் இருட்டில் கறுப்பு அங்கி போர்த்து, மாடுகள் போலத் தவழ்ந்து, கொக்கி மாட்டிய கயிற்று ஏணியால் ராக்ஸ்பரோ கோட்டை மதிலேறினார்கள். அடுத்த மாதம் இன்னொரு தளபதி தாமஸ் ராண்டால்ஃப் முப்பது பேரோடு எடின்பரோ கோட்டை நிற்கும் பாறையை ஏறினார். வழிகாட்டிய வில்லியம் பிரான்சிஸுக்கு அந்தச் செங்குத்துப் பாதை பழக்கமானது. இந்த மூன்றிலும் இருப்பது ஏமாற்று மட்டுமல்ல. கணிப்பு, ஒத்திகை, நேரம் பார்த்தல் எல்லாம் சேர்ந்ததே ஸ்லிஹ்ட். 'சூழ்ச்சித்திறன்' என்று தமிழில் பெயர்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. 'சூழ்ச்சி' என்று மட்டும் போட்டால் பாதி போய்விடும்.

கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே போல ஒலிக்கும் ஒரு வினை உண்டு. அதன் வேர் வேறு, இதோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: பழைய சொத்து வழக்கு ஒன்றில் 'லீஜ் பூஸ்டி' என்று வருகிறது. அரச அதிகாரமா?

பதில்: அரசனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'பூஸ்டி' லத்தீன் 'பொடெஸ்டாஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழி வந்த 'அதிகாரம்'. சட்டத்தில் 'லீஜ் பூஸ்டி' என்றால், தன் நிலத்தைத் தன் விருப்பப்படி எழுதிக் கொடுக்கும் உடல்நலத்தோடு ஒருவர் இருக்கும் நிலை. அதன் எதிர்ப்பதம் மரணப்படுக்கை.

நோயில் கிடக்கும்போது வாரிசுக்குப் பாதகமாக நிலத்தை எழுதிக் கொடுத்து, அதே நோயில் இறந்தால், வாரிசு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிலம், வீடு போன்றவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும், அசையும் பொருளுக்கு இல்லை. பத்திரத்தைக் காப்பாற்ற இரு வழிகள் இருந்தன. எழுதியவர் அதன்பின் 60 நாள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் (1696ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கெடு இது). இல்லையேல், கையெழுத்திட்ட பிறகு யார் துணையும் இல்லாமல் தேவாலயத்துக்கோ சந்தைக்கோ போய்வந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழிக்கு நிபந்தனைகள் இருந்தன. யாராவது கைத்தாங்கலாக அழைத்துப் போயிருந்தால் செல்லாது. ஆள்கூடாத வேளையில் போய்வந்தாலும் செல்லாது, ஏனென்றால் ஊரார் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1871-ல் இந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

'அதிகாரம்' என்ற சொல் சந்தைக்குத் தனியே நடந்துபோகும் கால்பலமாக இறங்கிவந்திருப்பதைப் பாருங்கள். பழைய ஸ்காட்ஸில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான்.

கேள்வி: 'கிராஃப்ட்' வெறும் கைத்தொழில்தானே? அதை அதிகாரச் சொற்களோடு ஏன் சேர்க்கிறார்கள்?

பதில்: பழைய ஆங்கிலத்தில் அது 'வலிமை' என்றும் பொருள்பட்டது. ஜெர்மனில் 'கிராஃப்ட்' இன்றும் 'ஆற்றல்'. வலிமை திறமையாகி, திறமை தொழிலாகி, ஸ்காட்லாந்து நகரங்களில் தொழில் மறுபடியும் அதிகாரமானது. 1424-ல் ஒவ்வொரு நகரிலும் ஒவ்வொரு தொழிலாளர் குழுவும் 'டீக்கன்' என்ற தலைவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. 1427-ல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் குழுக்கள் வளர்ந்தன. நகராட்சி முத்திரையிட்டுத் தரும் சாசனம் பெற்றால், குழுவில் சேராதவர் அந்த ஊரில் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. சேர விரும்புகிறவர் 'சே' என்ற சோதனை வேலை ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். 1505-ல் எடின்பரோ அறுவை மருத்துவர்-நாவிதர் குழு பெற்ற சாசனம் உடற்கூறும் இரத்த நாளங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்றது, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றது, ஆண்டுக்கு ஒரு தூக்குக் கைதியின் உடலை அறுத்துப் பயில அனுமதித்தது. இந்தத் தொழில் ஏகபோகங்கள் 1846-ல்தான் ஒழிந்தன.

கேள்வி: படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் சொற்கள் சிலவற்றைச் சொல்லுங்கள்.

பதில்: 'டேஞ்சர்': ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவர் பிடிக்குள் இருப்பது. லத்தீன் 'டோமினுஸ்' (எஜமானன்) வழி வந்தது, 'ஆபத்து' பின்னால் சேர்ந்த பொருள். 'பாண்டூன்' என்பதும் பிடி, ஆளுகைதான். 'டான்டன்' என்றால் அடக்கிப் பழக்குவது. முரட்டுக் குதிரைக்கும் சொல்வார்கள், அடங்காத மக்களுக்கும் சொல்வார்கள். 'விஹ்ட்' பெயரடையானால் பலமும் வீரமும் உள்ளவன் (ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் அடைமொழி இது), பெயர்ச்சொல்லானால் வெறும் 'ஆள்'. இரண்டுக்கும் வேர் வேறு. 'ஃபெக்' என்பது 'எஃபெக்ட்' தலை உதிர்ந்த வடிவம், அது இல்லாதவன் 'ஃபெக்லெஸ்', கையாலாகாதவன்.

கேள்வி: அகராதியில் தேடினால் சொல்லே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: எழுத்துக்கூட்டலில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் டபிள்யூ-எச் என்று தொடங்கும் சொல்லைக் கியூ-யு-எச் என்று தேடுங்கள். யு, வி, டபிள்யூ மூன்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஈற்றில் ஐ-எஸ் இருந்தால் பன்மையாக இருக்கலாம், ஐ-டி (it) இருந்தால் இறந்தகாலமாக இருக்கலாம். கழற்றிவிட்டுத் தேடுங்கள். உயிரெழுத்தை அடுத்து வரும் ஐ பெரும்பாலும் நெடில் குறி. நடுவில் இசட் வந்தால் எச்சரிக்கை: 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சகத்தார் வைத்த மாற்று அது. கொள்ளையைக் குறிக்கும் 'ஸ்பூலி' அச்சில் இசட்டோடு நிற்கும், வாயில் இசட் வராது.

1931 முதல் 2002 வரை வெளிவந்த 12 தொகுதி 'பழைய ஸ்காட்டிஷ் மொழி அகராதி' 1700 வரை போகும். அதற்குப் பிந்தியவற்றுக்கு 10 தொகுதி 'ஸ்காட்டிஷ் தேசிய அகராதி'. 2004 முதல் இரண்டையும் இணையத்தில் சேர்த்தே தேடலாம். ஜான் ஜேமிசனின் 1808 அகராதியை மேற்கோள்களுக்காகப் பாருங்கள், சொற்பிறப்புக்கு நம்பாதீர்கள். எந்த அகராதியானாலும் முதல் பொருளோடு நிறுத்தாமல் கீழே ஆண்டுவாரியாக உள்ள மேற்கோள்களைப் படியுங்கள். காவிய மேற்கோளுக்கும் நீதிமன்ற மேற்கோளுக்கும் பொருள் விலகும் இடம் அங்கேதான் தெரியும்.